சளி போயிருச்சு, மூக்கு ஏன் இன்னும் அடைக்குது?

செந்தூல்ல பார்மசி கவுண்டர்ல நிக்கிற எனக்கு, பல பேரோட பேர விட அவங்க வாங்குற மருந்துதான் ஞாபகத்துல இருக்கும். கிரேப் வாடகைக் கார் ஓட்டுற அண்ணன் ஒருத்தர், ஒரே மாசத்துல மூனாவது தடவ மூக்கு ஸ்ப்ரே கேட்டு வந்தாரு, சட்டைப் பாக்கெட்டுல வேற ஒரு போத்தல் எட்டிப் பாக்குது.

"இன்னும் சளி விடலையா அண்ணே?"

"சளியெல்லாம் எப்பவோ போச்சும்மா. இது அடிக்காம தூங்க முடியல, ரெஸ்டுங் போல."

ரெஸ்டுங் (சைனஸ் மாதிரி விடாத மூக்குத் தொல்லை) இல்ல, அந்த ஸ்ப்ரேதான் அடைக்குது.

ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின்னு பெட்டியில போட்டிருக்கும் பாருங்க, அதத்தான் சொல்றேன். மூக்குக்குள்ள ரெண்டு பக்கமும் இருக்கிற சதை பூரா ரத்தக்குழாய், சளி பிடிச்சா வீங்கிக்கும், இந்த மருந்து குழாய இறுக்கும், சதை சுருங்கும், அஞ்சு பத்து நிமிஷத்துல ஜம்முன்னு மூச்சு வரும். (கோடாலி தைலம் மோந்தா அடைப்பு விட்ட மாதிரி இருக்கும், ஆனா வீக்கம் அப்படியேதான் இருக்கும்.) நாள் கணக்கா அடிச்சா சதை பழகிப்போயிரும், முதல்ல ராத்திரி பூரா தாங்குனது அப்புறம் மூனு நாலு மணி நேரம்கூடத் தாங்காது, வேகம் இறங்குனதும் முன்னவிட மோசமா வீங்கும், கை தானா போத்தலத் தேடும். டாக்டருங்க இதுக்கு ரைனைட்டிஸ் மெடிக்கமென்டோசான்னு பேர் வச்சிருக்காங்க.

மூனு நாள், மிஞ்சிப்போனா அஞ்சு நாள், அதோட நிறுத்திரணும். பிரஷர், இருதய நோய், கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) இருந்தா கேக்காம வாங்காதீங்க. பிள்ளைங்க கையில சிக்கவும் விடாதீங்க, குடிச்சிட்டா மயங்கி மூச்சே மெதுவாயிரும்.

அண்ணன கிளினிக்குக்கு அனுப்பினேன். டாக்டர் ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதிக் குடுத்து, முதல்ல ஒரு பக்கத்துக்கு மட்டும் பழசை நிறுத்தச் சொன்னாராம், அந்தப் பக்கம் சரியான பிறகு மறுபக்கம். கொதிக்க வச்சு ஆறுன தண்ணியில உப்புப் பொடி கலந்து மூக்கு கழுவவும் சொல்லியிருக்காரு. ஸ்டீராய்டு ஸ்ப்ரே அடிச்ச உடனே திறக்காது, வேலை செய்ய நாளாகும், இங்கதான் முக்காவாசிப் பேரு பொறுமை இல்லாம பழசுக்கே ஓடிருவாங்க. மூனாம் நாள் ராத்திரி உக்காந்துக்கிட்டே தூங்குனேன்னு அண்ணன் என்னத் திட்டினாரு.

போன வாரம் பனடோல் வாங்க வந்தாரு. பாக்கெட்டுல போத்தல் இல்ல. காருக்குள்ள இருக்கான்னு நான் கேட்டுக்கல.