ஊட்டியின் கூரைகளைத் துளைக்கும் துகள் விமானத்தைக் கீழே தள்ளுமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "டெல்லியில் வேலை பார்க்கும் என் மகள் கோவைக்கு வந்தபோது விமானம் திடீரென்று கீழே போய்விட்டதாம். சாப்பாட்டுத் தட்டு மேலே போய் மோதியதாம். பக்கத்து வீட்டு அண்ணா, அது ஏர் பாக்கெட் என்கிறார். சூரியக் கதிர் பட்டு கம்ப்யூட்டர் குழம்பி விமானம் கீழே போனதாகச் செய்தியில் பார்த்தேன் என்கிறான் என் தம்பி. எதை நம்புவது?"

மகளுக்கு நேர்ந்தது காற்றின் வேலையாகத்தான் இருக்கும். ஆனால் தம்பி சொன்னதும் பொய்யில்லை. அது ரொம்ப அபூர்வம், அவ்வளவுதான். அந்த அபூர்வமான விஷயத்துக்கும் நம் நீலகிரிக்கும் நெருங்கிய உறவு இருப்பதால் அதைப் பற்றித்தான் நிறையச் சொல்லப் போகிறேன். காற்றை முதலில் முடித்துவிடுவோம்.

வானத்தில் காற்றே இல்லாத பள்ளம் என்று எதுவும் கிடையாது. மேலே ஏறும் காற்றும் கீழே இறங்கும் காற்றும்தான் உண்டு. இறக்கை எதிர்க்காற்றை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் தூக்குவிசை அமைகிறது. கீழிறங்கும் காற்றுக்குள் விமானம் நுழைந்தால் அந்தக் கோணம் நொடியில் குறையும், தூக்குவிசையும் குறையும். கோவைக்கு வரும் விமானங்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை இது பழகிய சங்கதி. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. மலைச்சரிவுகளில் மோதிச் சுழல்கிறது. அதற்குள் இறங்கும் விமானம் குலுங்காமல் என்ன செய்யும்?

இப்படிக் கீழே போகும்போது, உள்ளே இருப்பவர்களுக்கு ஆயிரக்கணக்கான அடி விழுந்ததுபோல் இருக்கும். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் போய்க்கொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போயிங் 777, மியான்மருக்கு மேலே கடுமையான கொந்தளிப்பில் சிக்கியது. பயணி ஒருவர் இறந்தார், பலர் படுகாயமடைந்தார்கள். விசாரணையின் முதற்கட்ட அறிக்கைப்படி அந்த விமானம் இறங்கிய உயரம் 178 அடி. கோத்தகிரி கேத்தரின் அருவியின் உயரம்கூட இல்லை. உயிரைப் பறித்தது அடிக்கணக்கு அல்ல, வேகமாற்றம். 0.6 விநாடிக்குள் புவியீர்ப்பின் 1.35 மடங்காக இருந்த விசை, எதிர்த்திசையில் 1.5 மடங்காக மாறியது. தானாக விழும் பொருளைவிட வேகமாக விமானம் கீழே இழுக்கப்பட்டது. பெல்ட் போடாதவர்கள் மேலே பறந்ததாகத் தோன்றியது, ஆனால் உண்மையில் விமானத்தின் கூரைதான் அவர்கள் தலையை நோக்கி இறங்கி வந்தது.

"26,000 அடி சரிந்த விமானம்" என்று வரும் செய்திகளின் கதை வேறு. பறக்கும் விமானத்தின் உள்ளே, அதிகபட்சம் 8,000 அடி உயரத்தில் இருக்கும் காற்றழுத்தத்தைச் செயற்கையாகக் காத்துவைக்கிறார்கள். ஊட்டிக்கும் தொட்டபெட்டா உச்சிக்கும் இடைப்பட்ட உயரம் அது. அதாவது ஊட்டிக்காரர்கள் நாள் முழுக்க சுவாசிப்பது ஏறக்குறைய விமானக் காற்றைத்தான். அந்த அழுத்தம் கசியத் தொடங்கினால், மாஸ்க் இல்லாமலே மூச்சுவிடக்கூடிய 10,000 அடிக்கு விமானிகளே வேண்டுமென்று வேகமாக இறக்குகிறார்கள். அது விபத்தல்ல, விபத்தைத் தவிர்க்கும் வழி.

இனி தம்பியின் செய்திக்கு வருவோம்.

2025 அக்டோபர் 30 அன்று மெக்சிகோவின் கான்கூனிலிருந்து அமெரிக்காவின் நியூவார்க்குக்குப் பறந்த ஜெட்புளூ நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320, விமானிகள் எதுவும் செய்யாமலே மூக்கைத் தாழ்த்தியது. பலர் காயமடைந்தார்கள், விமானம் டாம்பாவில் இறக்கப்பட்டது. ஒரு மாதம் கழித்து ஏர்பஸ் நிறுவனம், கடுமையான சூரியக் கதிர்வீச்சு விமானக் கட்டுப்பாட்டுக்கு வேண்டிய தரவைச் சிதைக்கக்கூடும் என்று அறிவித்தது. உலகம் முழுவதும் சுமார் 6,000 விமானங்களில் விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் தகடுகளை இயக்கும் எலாக் என்ற கணினியின் மென்பொருளை மாற்றச் சொன்னது. இந்தியாவில் பறக்கும் நூற்றுக்கணக்கான விமானங்களும் அந்தக் கணக்கில் வந்தன.

ஒரு துகள் எப்படிக் கணினியைக் கலைக்கும்? எனக்கு எத்தனை முறை சொன்னாலும் அலுக்காத விஷயம் இது.

விண்வெளியிலிருந்து புரோட்டான்களும் கனமான அணுக்கருக்களும் ஒளிவேகத்தை ஒட்டிய வேகத்தில் இடைவிடாமல் பூமிமேல் பொழிகின்றன. சில சூரியனிலிருந்து வருபவை. பெரும்பாலானவை வெடித்த விண்மீன்களிலிருந்து கிளம்பி நம் பால்வெளி முழுக்க அலைந்து வருபவை. இவைதான் காஸ்மிக் கதிர்கள். அவற்றில் ஒன்று மேல்வளிமண்டலத்தில் ஒரு நைட்ரஜன் அணுக்கருவில் மோதினால் அது சிதறும். சிதறிய துண்டுகள் அடுத்த அணுக்கருக்களில் மோதும். ஒன்று நூறாகி, நூறு ஆயிரமாகித் துகள்மழையாக இறங்கும். அதில் மியூவான்கள், அதாவது எலெக்ட்ரானைப் போன்ற ஆனால் அதைவிடக் கனமான துகள்கள், தரைவரை வந்து நம் கூரை ஓட்டையும் கான்கிரீட்டையும் நம் உடம்பையும் துளைத்துக்கொண்டு போகின்றன. உள்ளங்கையை விரித்துப் பிடித்தால் விநாடிக்கு ஒன்று வீதம் அதன் வழியே போகும். கணினிக்கு ஆபத்தானது அதே மழையில் வரும் நியூட்ரான். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் விமானம் பறக்கும் உயரத்தில் நியூட்ரான்கள் சில நூறு மடங்கு அதிகம்.

நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. அதனால் விமானத்தின் அலுமினிய உடம்பு அதைத் தடுப்பதில்லை. சிப்பின் சிலிக்கானுக்குள்ளும் பெரும்பாலும் எதையும் தொடாமலே போய்விடும். எப்போதாவது ஒன்று சிலிக்கான் அணுக்கரு ஒன்றில் நேராக மோதும். அணுக்கரு உடைந்து, அதன் துண்டுகள் சில மைக்ரான் தூரம் பாயும். ஆனால் அந்தத் துண்டுகளுக்கு மின்னூட்டம் உண்டு. போகும் வழியெல்லாம் எலெக்ட்ரான்களைப் பிய்த்துப் போடும். சிப்பில் நுண்ணிய சுவிட்ச்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர் ஒன்று அணைந்திருக்கும்போது அதன் பக்கத்தில் இது நடந்தால், பிய்ந்த எலெக்ட்ரான்களை அது உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு கணம், மின்சாரம் ஓடக்கூடாத இடத்தில் மின்சாரம் ஓடுகிறது.

அந்த ஒரு கணம் முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிட வேண்டியதுதானே? ஆகாது. நினைவகத்தில் ஒரு பிட்டை, அதாவது ஒரு 0 அல்லது 1ஐ, சேமிக்கும் அறை என்பது, ஒன்றையொன்று பிடித்து நிறுத்தும் இரண்டு சுற்றுகள். இது 1 என்று சொல்லும்வரை அது 0 என்று நிற்கும், அது 0 என்று நிற்கும்வரை இது 1 என்று நிற்கும். சின்னச் சின்ன மின்சலசலப்பு எதுவும் அவற்றை அசைக்காது. அந்தப் பிடிமானத்தால்தான் நினைவகம் நினைவகமாகவே இருக்கிறது. ஆனால் துகள் கொட்டிய மின்னூட்டம் ஓர் எல்லையைத் தாண்டி ஒரு சுற்றைப் புரட்டிவிட்டால், அடுத்த சுற்று அதைப் பார்த்துத் தானும் புரளும். புரண்ட பின் அதே பிடிமானம் தவறான விடையை அதே உறுதியோடு காத்து நிற்கும். எதுவும் எரியவில்லை, எதுவும் உடையவில்லை. பிறகு அந்தச் சிப்பைக் கழற்றிச் சோதித்தால் நூற்றுக்கு நூறு சரியாக வேலை செய்யும். தடயமே வைக்காத தவறு இது.

எந்த இடத்து பிட் புரண்டது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். 2003இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக்கில் நடந்த தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு வர வாய்ப்பே இல்லாத அளவு வாக்குகள் வந்திருந்தன. மறுபடி எண்ணியதில், கூடுதலாகச் சேர்ந்தவை சரியாக 4,096 என்று தெரிந்தது. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் பன்னிரண்டாவதாக வரும் எண் 4,096. கணினி எண்ணில் ஒவ்வொரு பிட்டின் மதிப்பும் முந்தையதைப்போல் இரு மடங்கு, அதனால் இது ஒரே ஒரு பிட் புரண்டால் வரக்கூடிய எண். காஸ்மிக் கதிர் என்பதை யாராலும் நிரூபிக்க முடியவில்லை, ஆனால் வேறு விளக்கமும் கிடைக்கவில்லை.

விமானத்தில் ஒரு பிட் புரண்டால் என்ன? ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான் வடிவமைக்கிறார்கள். வேகம், கோணம் போன்றவற்றை அளக்கும் முக்கியமான உணரிகள் (சென்சார்கள்) மூன்று, கணினிகள் பல. ஒன்று மற்றவற்றோடு முரண்பட்டால் அதை ஒதுக்கிவிட வேண்டும். 2018, 2019இல் 346 பேரைப் பலிகொண்ட போயிங் 737 மேக்ஸ் விபத்துகளில், அந்த அடிப்படை விதியே மீறப்பட்டிருந்தது. ஒரே ஓர் உணரியின் சொல்லை நம்பி மென்பொருள் மூக்கைத் தாழ்த்தியது. ஆனால் விதியைப் பின்பற்றியும் ஓட்டை விழுந்த கதை ஒன்று உண்டு. அதுதான் எனக்கு முக்கியம்.

2008 அக்டோபர் 7. சிங்கப்பூரிலிருந்து பெர்த்துக்கு 37,000 அடியில் பறந்துகொண்டிருந்தது குவான்டாஸ் ஏ330. திடீரென்று மூக்கு 8.4 டிகிரி கீழே சாய்ந்தது, 650 அடி இறங்கியது. சில நிமிடங்களில் மறுபடியும். நூற்றுக்கு மேற்பட்டோர் காயம். விமானம் மேற்கு ஆஸ்திரேலியாவின் லியர்மந்தில் பத்திரமாக இறங்கியது. ஆஸ்திரேலிய விசாரணையாளர்கள் பதிவுகளைப் பிரித்துப் பார்த்தபோது, உணரித் தரவைத் தொகுக்கும் மூன்று பெட்டிகளில் ஒன்று அவ்வப்போது பொய்யான எண்களை அனுப்பியிருப்பது தெரிந்தது. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் 50.6 டிகிரி என்றது அந்தப் பெட்டி. அப்படி ஒரு கோணத்தில் பயணி விமானம் பறக்கவே முடியாது. அந்த எண் எங்கிருந்து வந்தது? விமானத்தின் உயரமான 37,012 அடியை இரும எண்ணாக எழுதி, அதையே கோணம் என்று வாசித்தால் வருவது 50.6 டிகிரி! உயரத்துக்குரிய எண், கோணத்துக்குரிய அடையாளக் குறியோடு வெளியே போயிருக்கிறது.

இந்தக் கோணம் உண்மையென்றால் இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை. காப்பாற்ற மூக்கைத் தாழ்த்த வேண்டும். கட்டுப்பாட்டுக் கணினி அதைத்தான் செய்தது. ஆனால் முரண்பட்ட எண்ணை அது ஏன் ஒதுக்கவில்லை? ஒதுக்கியது. திடீரென்று தாவும் எண்ணைக் கண்டால், 1.2 விநாடிக்குப் பழைய நல்ல எண்ணையே வைத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தார்கள். அந்த 1.2 விநாடி முடியும் தறுவாயில் இன்னொரு பொய் எண் வந்து நின்றால் அதை உண்மை என்று எடுத்துக்கொள்ளும். வரிசையாக வந்த பொய்களில் இரண்டு, சரியாக அந்த இடைவெளியில் விழுந்தன. யாருக்கும் தோன்றாத ஓட்டை அது. ஏர்பஸ் அந்த வழிமுறையைத் திருத்தி எழுதியது.

பெட்டி ஏன் குழம்பியது? அருகிலிருந்த கடற்படை வானொலி நிலையத்தைச் சிலர் குற்றம் சொன்னார்கள். விசாரணையாளர்கள் ஆராய்ந்து அதற்கு வாய்ப்பில்லை என்றார்கள். காஸ்மிக் கதிரையும் ஆராய்ந்தார்கள், முடிவுக்கு வரப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். அந்த வகைப் பெட்டிகள் மொத்தம் 12.8 கோடி மணி நேரம் இயங்கியதில் இந்தக் கோளாறு மூன்றே முறைதான் வந்திருக்கிறது. மூன்று ஆண்டு உழைத்துவிட்டு "காரணம் கண்டறியப்படவில்லை" என்று எழுதிய அந்த அறிக்கையை நான் மதிக்கிறேன். நம் ஊரில் விமானம் குலுங்கினால் ராகுகாலத்தில் கிளம்பியதைக் காரணமாகச் சொல்லிவிட்டுத் தேடலை முடித்துக்கொள்கிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. காரணம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதி, உண்மையான காரணத்தைத் தேடும் கையைக் கட்டிப்போடுகிறது.

இந்தத் துகள்மழையை அளக்கும் உலகின் முக்கியமான கருவிகளில் ஒன்று ஊட்டியில் இருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் நடத்தும் கிரேப்ஸ்-3. சுமார் 2,200 மீட்டர் உயரத்தில், வெட்டவெளியில் ஏறக்குறைய 400 உணரிகள். பக்கத்தில் 560 சதுர மீட்டர் மியூவான் தொலைநோக்கி. அதில் 3,712 இரும்புக் குழாய்கள், ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம். கோலார் தங்கச் சுரங்கத்தின் அடியாழத்தில் நடந்த புரோட்டான் சிதைவுச் சோதனை முடிந்தபின், அங்கிருந்து கொண்டுவந்து மறுபடி பயன்படுத்திய குழாய்கள் அவை. 2015 ஜூன் 22 அன்று சூரியப் புயலொன்று பூமியின் காந்தக் கவசத்தை நசுக்கியபோது, அந்தப் பழைய குழாய்கள் சுமார் இரண்டு மணி நேரம் மியூவான்கள் கூடுதலாகக் கொட்டியதைப் பதிவு செய்தன. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் மலைச்சரிவோடு சாய்ந்து கிடக்கும் 530 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியும், 1970 முதல் இருப்பது, சூரியனிலிருந்து வீசும் துகள்களான சூரியக் காற்றைத் தொடர்ந்து கவனிக்கிறது.

பழைய குழாயில் உலகத்தர அறிவியல் செய்தார்கள் என்று பெருமைப்படுகிறோம், சரி. அதையே சாக்காக வைத்து "குறைந்த பணமே போதும்" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தை மட்டும் ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் நாடு, தன் விமானங்களைத் தானே வடிவமைக்கும் நாளில் இந்தத் துகள்களைத் தெரிந்தவர்களை எங்கே தேடும்?

கோத்தகிரி வாசகி பயப்பட வேண்டாம். பூமியின் காந்தப்புலம் நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் கவசம் மாதிரி குறைந்த ஆற்றல் துகள்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. நம் தலைக்கு மேலே அந்தக் கவசம் உலகிலேயே வலுவான இடங்களில் ஒன்று. அதனால் கோவை விமானத்தில் விழும் நியூட்ரான்கள், லண்டனிலிருந்து நியூயார்க் போகும் விமானத்தில் விழுவதைவிடக் குறைவு. உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் பெல்ட் போட்டிருக்கச் சொல்லுங்கள் மகளிடம். காற்றோ கணினியோ, இரண்டுக்கும் அது போதும்.

ஜெட்புளூ விஷயம் இன்னும் முடியவில்லை. ஏர்பஸ் சூரியனைச் சொன்னது, ஆனால் அக்டோபர் 30 அன்று சூரியன் பெரிதாகச் சீறவில்லை. சூரியன் அல்ல, தொலைதூர விண்மீன் வெடிப்பிலிருந்து வந்த காஸ்மிக் கதிராக இருக்கலாம் என்று விண்வெளி வானிலை ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். அந்த நொடியில் அந்த உயரத்தில் எத்தனை துகள்கள் இருந்தன என்று அளந்திருந்தால் இந்த வாதமே இருக்காது. 60,000 அடிவரை பறந்த கான்கார்ட் விமானத்தில் கதிர்வீச்சு மானி இருந்தது, அளவு எல்லை மீறினால் விமானத்தைக் கீழே இறக்க வேண்டும் என்பது விதி. கறுப்புப் பெட்டியில் ஆயிரக்கணக்கான அளவுகளைப் பதியும் இன்றைய விமானங்களில் இன்னும் ஒரு சின்ன நியூட்ரான் மானியையும் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. அந்தப் பதிவையும் ஊட்டிக் குழாய்களின் பதிவையும் அருகருகே வைத்துப் பார்க்க நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள்.