கிரேக்க சாலட்: தண்ணீர் விடுவது ஏன், தடுப்பது எப்படி?

வீட்டில் செய்த கிரேக்க சாலட்டை அரை மணி நேரம் அப்படியே விட்டால் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும். காய் கழுவிய ஈரம்தான் என்று பலர் நினைப்பார்கள், பெரும்பகுதி அதுவல்ல. தக்காளி, வெள்ளரிக்காய் இரண்டிலும் எடையில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். கத்தி பட்டு உடைந்த செல்களிலிருந்து கொஞ்சம் கசியும். மீதியை இழுப்பது உப்பு. வெட்டிய பரப்பில் விழுந்த உப்பு அங்குள்ள ஈரத்தில் கரைந்து அடர்ந்த கரைசலாகிறது. செல்லுக்குள் இருக்கும் சாறு அதைவிட நீர்த்தது. அதனால் செல் சவ்வைக் கடந்து தண்ணீர் வெளியே வருகிறது. பள்ளியில் படித்த சவ்வூடு பரவல்தான்.

பொடியாக நறுக்கினால் வெட்டுப் பரப்பு கூடும், தண்ணீரும் கூடும். கிரீஸில் ஹோரியாட்டிகி எனப்படும் இந்த சாலட்டுக்குக் காய்களைப் பெரிதாக வெட்டுவதில் அந்த லாபமும் இருக்கிறது. இரண்டு மூன்று பேருக்கு 400 கிராம் பழுத்த தக்காளி போதும். ஒவ்வொன்றையும் ஆறு அல்லது எட்டுக் கீற்றாக வெட்டுங்கள். ஒரு வெள்ளரிக்காயை ஒரு செ.மீ. கனத்தில் வெட்டலாம். காம்புப் பக்க நுனியை முதலில் கடித்துப் பாருங்கள், கசப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பாதி பச்சைக் குடைமிளகாய், பாதி சிவப்பு வெங்காயம், பத்துப் பன்னிரண்டு கலமாட்டா ஆலிவ் (கருஊதா நிறக் கிரேக்க ஆலிவ் வகை). லெட்டூஸ் கிடையாது.

தண்ணீருக்குப் பயந்து தக்காளியின் விதைக் கூழை வழித்து எறிய வேண்டாம். சதையைவிட அதில்தான் உமாமி சுவை தரும் குளுட்டமேட் அதிகம்; சுவையே அங்கிருந்துதான் வருகிறது. பழுத்த தக்காளியை ஃபிரிட்ஜில் வைத்தால் மணம் தரும் சேர்மங்கள் குறைந்துவிடும், ஆகவே வெளியிலேயே இருக்கட்டும். வெங்காயத்தை மெல்லிதாகச் சீவி பத்து நிமிடம் குளிர்ந்த நீரில் போட்டெடுத்தால் காரம் தணியும்.

உப்பை எண்ணெய்க்கு முன்னால் போட வேண்டும். எண்ணெயில் உப்பு கரையாது. எண்ணெய் பூசிய காயின் மேல் தூவினால் ஒரு வாய் சப்பென்றும் அடுத்த வாய் கரிப்பாகவும் இருக்கும். பரிமாற ஐந்து நிமிடம் முன்பு தக்காளியில் மட்டும் கால் டீஸ்பூன் உப்பு தூவுங்கள். மேலே வைக்கும் ஃபெட்டா பாலாடைக்கட்டியும் ஆலிவும் உப்பு நீரில் ஊறியவை, அதற்கு மேல் தேவைப்படாது. அந்த ஐந்து நிமிடத்தில் ஊறும் சாறு வேண்டிய சாறுதான், வடித்துக் கொட்டாதீர்கள். மற்ற காய்களைக் கலந்து நான்கு டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெய் ஊற்றினால், அந்தச் சாறோடு சேர்ந்து டிரெஸ்ஸிங் தயார். வினிகர் ஒரு டீஸ்பூன் போதும், தக்காளி புளித்தால் அதுவும் வேண்டாம்.

ஃபெட்டாவை உதிர்க்காமல் 150 கிராம் கட்டியாக மேலே வையுங்கள். உதிர்த்துக் கிளறினால் துகள்கள் சாற்றில் கலந்து, எல்லாம் வெளுத்துக் கலங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2002 முதல் ஃபெட்டா என்ற பெயர் கிரேக்கப் பாலாடைக்கட்டிக்கே உரியது: குறைந்தது 70 சதவீதம் செம்மறிப் பால், மீதி வெள்ளாட்டுப் பால், இரண்டு மாதமாவது முதிர வைத்தல். பசும்பாலில் செய்து அதே தோற்றத்தில் விற்பதில் அந்தக் காட்டமான புளிப்பு இருக்காது. உப்பு நீரோடு விற்பதாகப் பார்த்து வாங்குங்கள். மிஞ்சியதையும் அந்த நீரிலேயே மூழ்க வைக்காவிட்டால் காய்ந்துபோகும்.

கடைசியாக ஒரு டீஸ்பூன் காய்ந்த ஆரிகனோ மூலிகை இலையை உள்ளங்கையில் கசக்கி ஃபெட்டாவின் மேல் தூவி, சில துளி எண்ணெய் விடுங்கள். ஆரிகனோவின் மணத்துக்குக் காரணமான கார்வக்ரோல் நீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். அடியில் மிஞ்சும் சாற்றை கிரேக்கர்கள் ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவார்கள். விருந்துக்கு முன்கூட்டியே செய்வதானால் காய்களைத் தனித்தனியாக வெட்டி மூடி வைத்து, உப்பையும் எண்ணெயையும் சாப்பிட உட்காரும்போது சேருங்கள்.