ரெப்போசிட்டரி: சேமிப்பகம் அல்ல, களஞ்சியம்

‘உள்ளகச் சேமிப்பகம் அமைத்தல்’ என்ற தலைப்பில் ஒரு பயிற்சிக் குறிப்பு நாகர்கோவில் பக்கம் கல்லூரிப் பிள்ளைகளிடையே சுற்றுகிறது. உள்ளே இருப்பது யுனிக்ஸ் வகை சர்வரில் லோக்கல் ரெப்போசிட்டரி, அதாவது மற்ற கணினிகள் மென்பொருளைத் தேடி எடுத்து நிறுவிக்கொள்ளும் இடம், வைக்கும் பாடம். தலைப்பை மட்டும் பார்த்தவர், இன்னொரு ஹார்டுடிஸ்க் மாட்டச் சொல்கிறார்கள் என்றே நினைப்பார்.

லத்தீனில் ‘எடுத்து வை’ என்னும் வினையிலிருந்து வந்த சொல் ரெப்போசிட்டரி. ஆங்கிலத்தில் பொருள்களைப் பத்திரப்படுத்தும் இடத்தைக் குறித்து, பிறகு கணினிக்கு வந்தது. வேர் அவ்வளவுதான்.

சேமிப்பகம் என்பது ஸ்டோரேஜுக்கு ஆகிவிட்ட சொல். செல்போனில் பார்த்துப் பழகியது. அதைவிட, பொருளே பிசகுகிறது. டெபியன் என்னும் லினக்ஸ் வகை ஓடும் சர்வரில் ஒரு கோப்புறைக்குள் டெப் கோப்புகளை, அதாவது நிறுவத் தயாரான மென்பொருள் பொதிகளை (பேக்கேஜ்), வாரிக் கொட்டினால் அது சேமிப்பு, ரெப்போசிட்டரி ஆகாது. டிபிகேஜி-ஸ்கேன்பேக்கேஜஸ் என்ற கட்டளையை ஓட்டி, ஒவ்வொரு பொதியின் பெயர், பதிப்பு, அதற்குத் தேவைப்படும் பிற பொதிகள், கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் ஹாஷ் எல்லாம் அடங்கிய பட்டியலை உண்டாக்க வேண்டும். ரெட்ஹேட் வகை லினக்ஸில் கிரியேட்ரெப்போ என்ற கட்டளை அந்த வேலையைச் செய்யும். டெபியனில் பொதிகளை நிறுவும் ஏபிடி கருவிக்கு அப்டேட் கொடுத்தால் இறங்குவது இந்தப் பட்டியல்தான், மென்பொருள் அல்ல. பட்டியலை வெளியிட்டவர் யார் என்று காட்டும் ஜிபிஜி என்ற மின்கையொப்பமும் இருந்தால்தான் மற்ற கணினிகள் வழக்கமாக அதை நம்பும். இத்தனையும் ‘சேமிப்பு’ என்ற சொல்லில் எங்கே இருக்கிறது?

களஞ்சியமும் நெல் சேர்க்கும் இடம்தானே என்பார்கள். சரி. ஆனால் 1954 முதல் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட தொகுதிகள் கலைக்களஞ்சியம் என்று பெயர் பெற்றன. வரிசைப்படி தேடி எடுக்கும் இடம் என்ற பொருளும் அச்சொல்லில் ஏறிவிட்டது. தேடி எடுக்க முடிவதுதான் ரெப்போசிட்டரியின் உயிர்.

நாஞ்சில் நாட்டுப் பத்தாயத்தையும் யோசிக்கலாம். அது ஒரு வீட்டு நெல்லுக்கான மரப்பெட்டி, பலரும் வந்து எடுக்கும் இடமல்ல. கொட்டாரம் என்பதற்கும் அகராதியில் களஞ்சியம் என்ற பொருள் உண்டு. குமரி மாவட்டத்தில் அதைச் சொன்னால் அரண்மனையோ, கன்னியாகுமரி போகும் வழியிலுள்ள ஊரோதான் நினைவுக்கு வரும்.

‘உள்ளக’ என்பதும் வேண்டாம். நம் வலையமைப்பிலேயே இருப்பதால்தான் அது லோக்கல். உள்ளூர்க் களஞ்சியம் என்றால் எவருக்கும் புரியும். மொழிபெயர்ப்பவர்கள் ஒரு முறையாவது அந்தக் கட்டளைகளை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுத வேண்டும். அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுவதால்தான் பேக்கேஜும் ‘தொகுப்பு’ ஆகிறது, நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரும் ‘தொகுப்பி’ ஆகிறது. ‘தொகுப்பைத் தொகுத்து நிறுவுக’ என்று அதே குறிப்பில் ஒரு வரி. பொதி என்ற நல்ல சொல் இருக்கும்போது இது எதற்கு?