பூரிக்கட்டையை உருட்டினால் கால் எலும்பு இரும்பாகுமா?

"முவே தாய் (தாய்லாந்தின் உதைச் சண்டைக் கலை) வகுப்பில் சேர்ந்திருக்கிறேன், தினமும் பூரிக்கட்டையைக் காலில் அழுத்தி உருட்டு, எலும்பு இரும்பாகிடும் என்கிறார்கள் சீனியர்கள், உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எலும்பு கெட்டிப்படுவது உண்மை. பூரிக்கட்டையால் அல்ல.

முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தடவிப் பாருங்கள், நேராக எலும்புதான் தட்டுப்படும். மேலே தோலும், நரம்புகள் நிறைந்த எலும்புச் சவ்வும் மட்டும்தான், சதை கிடையாது. கட்டில் முனையில் இடித்தாலே உயிர் போகிற இந்த இடத்தைத்தான் தாய்லாந்துக்காரர்கள் ஆயுதமாக்கிவிட்டார்கள்.

சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதிவிட்டார். சரி, சுமை வந்தது எலும்புக்கு எப்படித் தெரியும்? எலும்புக்குள் கோடிக்கணக்கான ஆஸ்டியோசைட் செல்கள் ஆளுக்கொரு குழியில் உட்கார்ந்துகொண்டு, மயிரிழையைவிட மெல்லிய கால்வாய்கள் வழியே கைகளை நீட்டிப் பக்கத்துச் செல்லைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. கால்வாய் முழுக்கத் திரவம். பயிற்சிக்குத் தொங்கவிடும் பேகை ஓங்கி உதைக்கும்போது எலும்பு துளியூண்டு வளைகிறது, ஓடும்போதுகூட ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நீளம் மாறும், அவ்வளவுதான். ஆனால் அதற்கே, ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி, அமுங்கிய பக்கத்துத் திரவம் மறுபக்கம் பாய்கிறது. பாய்கிற திரவம் செல்லின் கைகளை உரசுகிறது. இந்தச் செல்கள் சும்மா இருக்கும்போது ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தைச் சுரந்து, எலும்பு கட்டும் செல்களுக்குப் பிரேக் போட்டு வைத்திருக்கும். உரசல் வந்ததும் சுரப்பு குறைகிறது, பிரேக் தளர்கிறது, அதிகம் வளைந்த இடமாகப் பார்த்துப் புது எலும்பு படிகிறது. மூளையைக் கேட்காமலே இத்தனையும் நடக்கிறது!

இந்தச் செல்களுக்குச் சலிப்பும் வரும். எலிகளின் எலும்புக்கு ஒரே மூச்சில் 360 முறை அழுத்தம் கொடுத்ததைவிட, இடைவெளி விட்டு 90 தடவையாக நான்கு முறை கொடுத்தபோது அதிக எலும்பு வளர்ந்தது. ஒரே நாளில் வெறித்தனமாக உதைப்பவர்கள் கவனிக்க.

அப்புறம், ஸ்கிளிரோஸ்டின் கதை தென்னாப்பிரிக்காவில் பிறவியிலேயே எலும்பு அளவுக்கு மீறித் தடிக்கும் சில குடும்பங்களிலிருந்து வந்தது. 2001-ல் மரபணு பிடிபட்டது, 2019-ல் ஸ்கிளிரோஸ்டினைத் தடுக்கும் மருந்துக்கு, எலும்புத் தேய்வுச் சிகிச்சைக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நாலு பேருக்கு வரும் நோய்க்கு எதற்கு ஆராய்ச்சிப் பணம் என்று கேட்கும் அதிகாரிகளுக்கு இதை யாராவது படித்துக் காட்டலாம்.

பூரிக்கட்டை எலும்பை வளைப்பதில்லை, திரவமும் பாய்வதில்லை. சவ்வு நசுங்கி வீங்குவதுதான் மிச்சம். வாழைமரத்தை உதைக்கும் வீடியோக்களைப் பார்த்து அசர வேண்டாம், வாழைத்தண்டு தண்ணீரும் நாருமாக மெத்தென்று இருக்கும், பேக் மாதிரிதான். எவ்வளவு பழகிய எலும்புக்கும் எல்லை உண்டு. 2013 டிசம்பரில் நடந்த எம்.எம்.ஏ. (பல சண்டைக் கலைகள் கலந்த போட்டி) ஆட்டத்தில் ஆண்டர்சன் சில்வா விட்ட உதையை எதிராளி கிரிஸ் வைட்மன் காலால் தடுத்ததும் சில்வாவின் எலும்பு இரண்டானது. 2021-ல் வைட்மனுக்கும் அதே கதி, அதுவும் ஆட்டத்தின் முதல் உதையிலேயே.

புதியவர்களுக்கு இன்னொரு சிக்கல். எலும்பில் விழும் நுண்விரிசலைச் சரிசெய்ய, உடல் முதலில் பழைய எலும்பைச் சில வாரங்கள் அரித்தெடுக்கிறது. நிரப்புவதற்கு மாதக்கணக்காகும். வலியோ அதற்கு முன்பே பழகிப்போகும், பலரும் அந்த இடைவெளியில்தான் வேகத்தைக் கூட்டுகிறார்கள். விரல் வைத்தால் ஒரே புள்ளியில் சுரீர் என்கிறதா, நடந்தாலும் வலிக்கிறதா? உதைப்பதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று மறுநாளே பேக்கிடம் போகாதீர்கள், ஆரம்ப விரிசல் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும்.