கப்பல் கிடக்கும் இடத்தில் மீன் கிடக்கும்

உவரிக் கரையில் ஒருநாள் காலை, பெரிய களவா மீன் ஒன்றை வள்ளத்திலிருந்து இறக்கினார்கள். அதன் வாயில் இளஞ்சிவப்பாக, பலூன் போல ஏதோ பிதுங்கி நின்றது. கண்கள் வெளியே துருத்தியிருந்தன. நோய் கண்ட மீனா என்று கேட்டேன். "நோயெல்லாம் இல்ல தம்பி. பார்ல ஆழத்துல கிடந்தது. மேல வரயில காத்து வீங்கிட்டுல்லா" என்றார் தூண்டில்காரர்.

பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு. மூழ்கிய கப்பலும் மீனுக்கு ஒரு பார்தான். தேரிக்காட்டில் ஒற்றை உடைமரம் நின்றால் ஆடெல்லாம் அதன் நிழலுக்கு வந்துவிடும் அல்லவா? சுற்றிலும் வெறும் மணலாகக் கிடக்கும் கடலடியிலும் அதே கதைதான். ஆனால் இங்கே நிழலோடு சாப்பாடும் உண்டு. அலையும் மணலில் ஒட்டி வளர முடியாத கொட்டலசும் சிப்பியும் கடற்பஞ்சும் இரும்பில் ஒட்டிக்கொள்கின்றன. அந்த இடுக்குகளில் நண்டும் இறாலும் குடியேறுகின்றன. அவற்றைத் தேடிப் பெரிய மீன் வருகிறது.

அப்புறம் நீவாடு. நீரோட்டத்துக்கு இந்தக் கரையில் அதுதான் பெயர். ஓடிவரும் நீர் கப்பலின் விலாவில் மோதி மேலே ஏறும். மறுபக்கம் போய்ச் சுழிக்கும். இடையில் ஓட்டம் தணிந்த மூலைகள் உண்டாகும். மீன் அங்கே அதிகம் வாலசைக்காமல் நின்று, நீவாடு கொண்டுவரும் இரையைப் பாய்ந்து பிடிக்கும். முனைகளைச் சுற்றி விரையும் நீர் மணலை அரித்துப் பறிக்கும் பள்ளமும் நல்ல பதுங்குமிடம்.

ஐரோப்பாவின் வட கடலில் காட் மீனை இப்படி மூழ்கிய கப்பல்மேலும் தேடுகிறார்கள். காட் குளிர்நீர் மீன், நம் கடலில் கிடையாது. இரண்டு உலகப் போர்களிலும் மூழ்கிய கப்பல்கள் அங்கே ஏராளம். ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், சுமார் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டத்தைத் திருப்பிவிடும். மீனும் பக்கம் மாறி நிற்கும். படகை ஓட்டத்தின் மேல்பக்கம் கொண்டுபோய், கப்பலைத் தாண்டி மிதந்துபோக விடுவார்கள். ஈயக்குண்டு தரை தொட்டவுடன் கொஞ்சம் தூக்கிக்கொள்ளாவிட்டால் இரும்பில் மாட்டித் தங்கூஸ் என்னும் தூண்டில் நூல் அறுந்துவிடும்.

சரி, காற்று ஏன் வீங்கியது? களவாவுக்கும் காட் மீனுக்கும் உடலுக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறது. அது மூடிய பை, வாய்க்குப் போகும் குழாய் கிடையாது. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் 4 மடங்கு. சட்டென்று இழுத்தால் பையிலுள்ள காற்று 4 மடங்காக விரியப் பார்க்கும். இரைப்பையை வாய்வழியே வெளியே தள்ளும். நான் பார்த்த பலூன் அந்த இரைப்பைதான்.

எனக்கு இதில் ஒரு கவலை உண்டு. கப்பலில் கூடும் மீன் எல்லாம் அங்கேயே பெருகியதல்ல, வேறிடங்களிலிருந்து வந்து சேர்ந்ததும் உண்டு. இடம் தெரிந்தவர்கள் சீக்கிரமே காலி செய்துவிட முடியும். களவாக்களில் பெரும்பாலானவை பெண்ணாக வளர்ந்து, பெரிதானபின் ஆணாக மாறுபவை. பெரியதையே பிடித்துக்கொண்டிருந்தால் ஆண் மீன் குறைந்துபோகும். இரக்கப்பட்டுக் குஞ்சு மீனைத் திருப்பி விட்டாலும் காற்று வீங்கிய மீனால் கீழே போக முடியாது. மல்லாந்து மிதக்கும், பறவை கொத்திவிடும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. மீன் கழலாமல் பிடிக்கும் எதிர்முள் இல்லாத கொக்கியைத் தலைகீழாகக் கட்டி, மீனின் தாடையில் மாட்டி, ஈயக்குண்டோடு ஆழத்துக்கு இறக்க வேண்டும். இறங்க இறங்க அழுத்தம் கூடும், காற்று சுருங்கும். அடியில் வைத்து ஒரு வெட்டு இழுத்தால் கொக்கி கழன்றுகொள்ளும், மீன் பாருக்குள் போய்விடும்.