‘கவனம், கண்ணாடி’ என்று எழுதினால் போதுமா? பொதி உடைந்தால் உங்களுக்கு என்ன உரிமை

பெட்டியின் நாலு பக்கமும் சிவப்புப் பேனையால் ‘கவனம், கண்ணாடி’ என்று எழுதி, அதன் மேல் செலோடேப்பையும் ஒட்டிக்கொண்டுதான் நம் ஆட்கள் தபாலகத்துக்கு வருவார்கள். எழுதுவதில் பிழையில்லை. வெளிநாட்டுக்கு என்றால் எழுத்தைவிடப் படம் நல்லது. வெள்ளைத் தாளில் சிவப்பு நிறத்தில் கிளாஸ் படம் போட்ட சீட்டுத்தான் உலகத் தபால் ஒன்றியத்தின் விதிகளில் சொல்லப்பட்ட அடையாளம். டொரொண்டோவில் பெட்டி தூக்குகிறவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் அது புரியும். ஆனால் சீட்டு ஒட்டியதற்காக இழப்பீடு கிடைக்காது. எந்த வகைத் தபாலில் போட்டீர்கள், உள்ளே எப்படிக் கட்டினீர்கள், சுங்கப் படிவத்தில் என்ன எழுதினீர்கள், வாங்கியவர் கையெழுத்து வைக்கும்போது என்ன சொன்னார் என்பதை வைத்துத்தான் அது தீர்மானமாகும்.

முதலில் வகை. சாதாரணத் தபாலில் போட்டால் செலவு குறைவு. ஆனால் பதிவும் கிடையாது, இலக்கமும் கிடையாது. தொலைந்தாலும் உடைந்தாலும் கேட்க வழியில்லை. உடையக்கூடிய பொருளைப் பதிவுத் தபாலிலோ, பொதித் தபாலிலோ, ஈ.எம்.எஸ். கடுகதியிலோ போட்டுப் பற்றுச்சீட்டைக் கையில் வாங்குங்கள். வெளிநாட்டுத் தபாலின் இலக்கம் 13 எழுத்து கொண்டது: முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் இலங்கையைக் குறிக்கும் ‘எல்.கே.’ முதல் எழுத்து ‘ஆர்’ என்றால் பதிவுத் தபால், ‘சி’ என்றால் பொதி, ‘வி’ என்றால் காப்புறுதி, ‘ஈ’ என்றால் ஈ.எம்.எஸ். பொதி என்று நினைத்துக் காசு கட்டியவர் சீட்டில் ‘ஆர்’ இருப்பதைக் கண்டால் கவுண்டரிலேயே கேட்டுவிட வேண்டும். இரண்டுக்கும் இழப்பீட்டுத் தொகை வேறு.

வெளிநாட்டுக்குப் போட்ட பதிவுத் தபால் தொலைந்தாலோ முழுதாக நாசமானாலோ ஒன்றியத்தின் விதிப்படி 30 எஸ்.டி.ஆர். பொதி என்றால் ஒன்றுக்கு 40 எஸ்.டி.ஆர்., அதோடு கிலோவுக்கு 4.50. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியம் கணக்கிடும் ஒரு மதிப்பலகு. ஒன்று பெரும்பாலும் ஒன்றேகால் முதல் ஒன்றரை அமெரிக்க டொலருக்குள் நிற்கும். ஐந்து கிலோப் பொதிக்கு 40 உம் 22.50 உம் சேர்த்து 62.50 வரும். அதுவே உச்சம், பொருளின் உண்மையான பெறுமதி அதைவிடக் குறைவென்றால் அந்தக் குறைந்த தொகைதான். கல்யாணத்துக்கு அனுப்பிய குத்துவிளக்கு கல்யாணம் முடிந்தபிறகு போய்ச் சேர்ந்தது என்ற மனவருத்தத்துக்கு ஒரு சதமும் இல்லை. பெறுமதி கூடிய பொருள் என்றால், அந்த நாட்டுக்குக் காப்புறுதிப் பொதி எடுக்கிறார்களா என்று கேட்டு, பெறுமதியைச் சொல்லி அனுப்புங்கள்.

அனுப்பியவர் சரியாகக் கட்டாததால் உடைந்தது என்றால் தபால் திணைக்களத்துக்குப் பொறுப்பில்லை. நம் கோரிக்கைகள் பலதும் விழும் இடம் இதுதான். கண்ணாடி, பீங்கான் மாதிரிப் பொருட்களை உறுதியான பெட்டியில் போட வேண்டும், இடையில் தகுந்த பஞ்சணை நிரப்ப வேண்டும், பொருளோடு பொருளோ பெட்டிச் சுவரோடு பொருளோ உரசவோ மோதவோ கூடாது என்று ஒன்றியத்தின் விதி சொல்கிறது. இதை ஒரு தேநீர் செட்டை வைத்துப் பார்ப்போம்.

கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கக் கூடாது. கோப்பையின் உட்பக்கத்தில் கசக்கிய காகிதம், கைபிடியின் வளையத்துக்குள்ளும் ஒரு துண்டு, பிறகு முழுக் கோப்பைக்கும் பபிள் சுற்று. கைபிடிதான் முதலில் போகிற இடம். சாசர்களைப் படுக்க வைக்காமல், ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்றி, விளிம்பில் நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் மேலே விழும் பாரம் முழுவதும் அடிச் சாசரின் நடுவில் இறங்கும். கெட்டிலின் மூடியைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். எல்லாவற்றையும் சிறிய பெட்டியில் போட்டு, அதைப் பெரிய பெட்டிக்குள் வைத்து, ஆறு பக்கமும் இரண்டு அங்குலத்துக்கு ரெஜிபோம் துண்டோ காகிதமோ நிரப்ப வேண்டும். இனி ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் இன்னும் நிரப்புங்கள்.

நம் மலையகப் பக்கத்துக்கு ஒரு தனிக் கரைச்சல், ஈரம். நுவரெலியா, அட்டன், அப்புத்தளைப் பக்கம் அடுப்படியிலோ லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) மூலையிலோ ஒரு மாதம் கிடந்த காட்போட் பெட்டி பனியைக் குடித்து விரலால் அமுக்கினாலே பள்ளம் விழும். கொழும்புக்குப் போவதற்குள் மேலே ஏறும் மூட்டைகளை அது தாங்காது. பழைய பத்திரிகைத் தாளும் அப்படித்தான். ஈரத்தில் தளர்ந்து, உள்ளே வெற்றிடம் விட்டுவிடும். காய்ந்த புதுப் பெட்டி, உள்ளே பொலித்தீன் பை, அதற்குள் பொருள். செலோடேப்புக்குப் பதில் அகலமான பார்சல் டேப்.

தேங்காய்நார், வைக்கோல், மலைச்சரிவில் அறுத்த மானாப்புல் எதையும் பஞ்சணையாகப் போடாதீர்கள். அவுஸ்திரேலியா வைக்கோலையும், மரக்கறி பழம் அடைத்த பழைய பெட்டியையும், முட்டைத் தட்டையும், பூச்சியும் நோயும் உள்ளே வராமல் தடுக்கும் உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மறுக்கிறது. பண்டாரவளைக் கடையில் சும்மா கிடைத்த கரட் பெட்டியில் வைத்து அனுப்பிய செட் உடையாமலே சிக்கிக்கொள்ளலாம்.

ஊறுகாய், தேன், எண்ணெய் போத்தல் என்றால், கசியாத மூடி, தனிப் பெட்டி, போத்தல் உடைந்தாலும் முழு ஈரத்தையும் உறிஞ்சும் அளவுக்குத் துணியோ பஞ்சோ. சேரும் நாடு உணவுப் பொருளை அனுமதிக்கிறதா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வாசனைத் திரவியம், நகப்பூச்சு, ஸ்ப்ரே டின், தனியாகக் கழற்றிய லித்தியம் பற்றரி வேண்டவே வேண்டாம். தடைசெய்த பொருளை உள்ளே வைத்தால் இழப்பீட்டு உரிமையும் போய்விடும்.

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போன சொந்தக்காரர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருப்பதால், லயத்துச் சுவரில் தொங்கிய தாத்தா பாட்டி படத்தைச் சட்டத்தோடு அனுப்பக் கேட்கிறவர்கள் உண்டு. கண்ணாடியை இங்கேயே கழற்றிவிடுங்கள். அங்கே புதுக் கண்ணாடி போடுவது சின்னச் செலவு. உடைந்த கண்ணாடி கீறிய பழைய படத்தைத் திரும்ப எடுக்க முடியாது. படத்தின் இரு பக்கமும் தட்டையான கனத்த மட்டை வைத்து, பொலித்தீனில் மூடுங்கள். இந்தியாவுக்கு இன்னொரு செய்தி: பரிசுப் பொருளுக்கு இருந்த 5,000 இந்திய ரூபாய் வரையான வரிச் சலுகையை 2019 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். சின்னப் பொருளுக்கும் வரி கேட்கலாம் என்று சொந்தக்காரரிடம் சொல்லி வையுங்கள். பிரித்தானியாவில் 39 பவுண், கனடாவில் 60 கனடிய டொலர், ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ வரை தனியாள் அனுப்பும் பரிசுக்குச் சலுகை உண்டு. அமெரிக்கா 800 டொலர் வரையான பொருளுக்கு இருந்த வரிவிலக்கை 2025 ஆகஸ்ட் 29 இல் நிறுத்திவிட்டது.

சுங்கப் படிவம் வகையையும் பெறுமதியையும் பொறுத்தது: பதிவுத் தபாலுக்கு 300 எஸ்.டி.ஆர். வரை சி.என். 22, அதற்கு மேல் சி.என். 23. பொதித் தபாலுக்கு எப்போதும் சி.என். 23. ‘பரிசு’ என்று மட்டும் எழுதினால் போதாது. ‘பீங்கான் தேநீர்க் கோப்பை 6, சாசர் 6’ என்று பொருளும் எண்ணிக்கையும் பெறுமதியும் வர வேண்டும். 2021 முதல் இந்த விபரங்கள் பொதிக்கு முன்பாகவே கணினியில் போய்ச் சேர வேண்டியிருப்பதால், ஆங்கிலத்தில் தெளிவாக எழுதித் தொலைபேசி இலக்கத்தையும் கொடுங்கள். வரிக்குப் பயந்து 100 டொலர் செட்டைப் 10 டொலர் என்று எழுதுகிறவர்கள் அதிகம். உடைந்தால் அந்தப் 10 டொலரைக் காட்டித்தான் கணக்குப் பார்ப்பார்கள். பழைய செப்புப் பாத்திரமோ சிலையோ அனுப்ப நினைத்தால் நில்லுங்கள். 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் பொருளுக்குத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அதோடு பெட்டியை முழுதாக ஒட்டிவிட்டு வராதீர்கள். கவுண்டரில் திறந்து காட்டச் சொன்னால் கட்டியதெல்லாம் வீண்.

இனி உடைந்தபின் செய்ய வேண்டியது. வாங்குகிறவர் பெட்டி நசுங்கியிருப்பதைக் கண்டால், கையெழுத்து வைப்பதற்கு முன்னே சொல்ல வேண்டும். தபால்காரரைக் கொண்டு குறிப்பு எழுதி வாங்க வேண்டும். பேசாமல் கையெழுத்து வைத்தால் பொதியை நல்லபடி ஒப்புக்கொண்டதாகிவிடும். பெட்டி, பஞ்சணை, உடைந்த துண்டு எதையும் எறியாமல் படம் எடுத்து வைக்க வேண்டும். பொதி கைக்குப் போனபிறகு சேத இழப்பீட்டைக் கேட்கும் உரிமை வாங்கியவருக்கு. அவர் அதை அனுப்பியவருக்கு விட்டுக்கொடுக்கலாம். பொதி போகவேயில்லை என்றால் அனுப்பியவர் பற்றுச்சீட்டோடு போய் சி.என். 08 விசாரணைப் படிவம் நிரப்ப வேண்டும். போட்ட மறுநாளிலிருந்து ஆறு மாதம்; ஈ.எம்.எஸ்.க்கு நாலு மாதம். ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்று காத்திருந்தே பலருடைய தவணை போய்விடுகிறது.

வெளிநாட்டிலிருந்து தோட்டத்துக்கு வரும் பொதிக்கும் இதே விதிதான். ஆனால் பல தோட்டங்களில் தபால் தோட்டக் கந்தோருக்கு (அலுவலகத்துக்கு)ப் போய் அங்கிருந்து டிவிஷனுக்கு (தோட்டப் பிரிவுக்கு) வருவது இன்னும் வழக்கம். பெட்டியை வேறொருவர் பார்க்காமல் வாங்கி வைத்துவிட்டால், குறிப்பு எழுதும் சந்தர்ப்பம் உங்களுக்கு இல்லை. அனுப்புகிறவரிடம் தோட்டம், டிவிஷன், தபாலகம், அதன் குறியீடு (அட்டனுக்கு 22000, நுவரெலியாவுக்கு 22200, பதுளைக்கு 90000) எல்லாவற்றோடும் உங்கள் கைபேசி இலக்கத்தையும் பெட்டியில் எழுதச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டில் உள்ள பொதி இலக்கத்தை வாங்கி வைத்து, பொதி வந்ததும் நீங்களே எடுத்துக்கொள்வதாகத் தபாலதிபரிடம் முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். போகும்போது அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.