வெளிர்நீல உயிரணு: ஆய்வாளரிடமிருந்து விடையை ஏன் மறைக்கிறோம்?

உயிரணுக்களை எண்ணப் பயன்படும் ஹீமோசைட்டோமீட்டர் என்னும் கண்ணாடித் தட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், மெல்லிய கோடுகளால் வகுக்கப்பட்ட கட்டங்கள் தெரியும். மாதிரியில் டிரைப்பன் நீலம் என்ற சாயத்தைக் கலந்தால், சவ்வு சிதைந்து இறந்த உயிரணுக்கள் நீலமாகிவிடும். உயிருள்ளவை சாயத்தை உள்ளே விடாமல் பளிச்சென்று நிற்கும். கோட்டின்மேல் கிடக்கும் உயிரணுவுக்குக்கூட விதி உண்டு: மேல்கோட்டையும் இடக்கோட்டையும் தொடுபவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டும், மற்ற இரண்டு கோடுகளைத் தொடுபவற்றை விட்டுவிட வேண்டும். ஆனால் நீலமா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாத வெளிர்நீல உயிரணுவுக்கு நான் எந்த விதியும் வகுத்திருக்கவில்லை. அங்கே என் கண்தான் தீர்ப்புச் சொன்னது.

ஆய்வுப் பணியின் தொடக்கத்தில், ஒரு வேதிப்பொருள் உயிரணுக்களைக் கொல்லும் என்று நம்பி இப்படி எண்ணிக்கொண்டிருந்தேன். எந்தக் குழாயில் அந்தப் பொருள் கலந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்தக் குழாயின் மாதிரியில் வெளிர்நீலத்தைக் கண்டால் இறந்தது என்று குறித்தேன். மற்றதில் அதே நிறத்தைக் கண்டபோது, வெளிச்சம் போதவில்லை என்று எண்ணி உயிருள்ளவற்றோடு சேர்த்தேன். பொய் சொல்லும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. உடன் பணிபுரிந்தவர் ஒருநாள் பெயர்ச்சீட்டுகளை அகற்றிவிட்டு வெறும் எண்களை ஒட்டிக் கொடுத்தபோது, இரு குழாய்களுக்கும் இடையே நான் கண்டுவந்த வேறுபாடு வெகுவாகச் சுருங்கிப்போயிற்று.

இது நடப்பதற்குக் காரணம் எளியது. தற்செயலாக நேரும் பிழை சில முறை கூட்டியும் சில முறை குறைத்தும் காட்டும். ஒன்றையொன்று சாராத நூறு அளவீடுகளின் சராசரியை எடுத்தால் அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எதிர்பார்ப்பினால் நேரும் பிழையோ எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்கிறது. எத்தனை முறை அளந்தாலும் அது குறையாது. ஒரே தவறான விடை திரும்பத் திரும்ப வருவதால் நம் உறுதிதான் கூடும். ஆய்வு முறைகளைப் பற்றி நான் கற்றவற்றில் என்னை மிகவும் அச்சுறுத்தியது இதுதான்.

1903-இல் பிரான்சின் நான்சி நகரைச் சேர்ந்த இயற்பியலாளர் ரெனே புளோண்ட்லோ, என்-கதிர்கள் என்ற புதிய கதிர்வீச்சைக் கண்டதாக அறிவித்தார். அதற்குச் சான்று, இருட்டறையில் ஒரு மங்கலான ஒளி சற்றே பிரகாசம் கூடுவதைக் கண்ணால் பார்ப்பது. அதாவது முழுக்க முழுக்க வெளிர்நீல உயிரணுக்களால் ஆன ஆய்வு. வேறு சிலரும் அதைப் பார்த்ததாக எழுதினார்கள். 1904-இல் அங்கே சென்ற அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், கதிர்களைப் பிரிப்பதாகச் சொல்லப்பட்ட அலுமினியப் பட்டகத்தை இருட்டில் யாரும் அறியாமல் எடுத்துவிட்டார். அளவீடுகள் முன்போலவே தொடர்ந்தன.

கண்ணுக்குப் பதில் கருவி அளந்தாலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. எதிர்பாராத விடை வந்தால் கணிப்பை மறுபடி மறுபடி சோதிக்கிறோம். எதிர்பார்த்த விடை வந்ததும் சோதிப்பதை நிறுத்திவிடுகிறோம். ஆகவே எங்கே நிறுத்துகிறோம் என்பதே விடையை வளைக்கிறது. அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில், எலக்ட்ரானைப் போன்ற ஆனால் அதைவிடக் கனமான மியூவான் துகளின் காந்தப் பண்பை அளந்த குழுவினர் இதற்கு ஒரு வழி செய்திருந்தார்கள். காலத்தை அளக்கும் கடிகாரத்தின் அதிர்வெண் சற்றே மாற்றிவைக்கப்பட்டு, அந்த அதிர்வெண்ணின் சரியான மதிப்பு ஆய்வில் பங்கேற்காதவர்களிடம் உறையிலிட்டு ஒப்படைக்கப்பட்டிருந்தது. பகுப்பாய்வு முழுவதையும் முடித்து, இனி எதையும் மாற்றுவதில்லை என்று உறுதிசெய்த பிறகே, 2021 பிப்ரவரியில் உறையைத் திறந்தார்கள். அதுவரை தங்கள் விடை கோட்பாட்டோடு பொருந்துகிறதா என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

எல்லா இடத்திலும் இப்படி மறைக்க இயலாது. அறுவை செய்யும் மருத்துவரிடமிருந்து எந்த அறுவை என்பதை எப்படி மறைப்பது? அத்தகைய ஆய்வுகளில், நோயாளி எவ்வளவு தேறியிருக்கிறார் என்று மதிப்பிடுபவரிடமிருந்தாவது அதை மறைக்க முயல்கிறார்கள்.

எவ்வளவு நீலம் இருந்தால் இறந்ததாகக் கொள்வது என்பதை இப்போதெல்லாம் மாதிரியைத் தொடுவதற்கு முன்பே எழுதிவைத்துவிடுகிறேன். எண்ணி முடித்த பிறகே, எந்த எண் எந்தக் குழாய்க்கு உரியது என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பழைய சோதனையையும் இதே முறையில் மறுபடி செய்தேன். குறிப்பேட்டில் முதல் எண்ணிக்கைகளை அடித்துவிடாமல், அவற்றின் பக்கத்திலேயே புதியவற்றை எழுதியிருக்கிறேன்.